பிள்ளை உண்டாகும் முன்பே தொடங்க வேண்டிய வேலை: சீனி வருத்தம் உள்ள மலையகப் பெண்களுக்கு

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று தெரிந்தபோது வயது 26. அடுத்த வருடம் கல்யாணம் ஆனது. மாதாமாதம் விடியற்காலை பஸ் பிடித்து கிளினிக்குப் போய், நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவேன். "பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிறீர்களா?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது என்று வெட்கம். நாள் தள்ளிப்போய் மூன்று வாரம் கழித்து மிட்வைப் மிஸ்ஸிடம் போனேன். அப்போதுதான், நான் தினமும் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளில் இரண்டு கர்ப்பத்தின்போது எடுக்கக் கூடாதவை என்று தெரிய வந்தது.

என் மகள் நன்றாகத்தான் பிறந்தாள். ஆனால் 20ஆம் வார ஸ்கேன் முடியும்வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம் முன்பே ஆயத்தமானேன். அந்த ஆறு மாதத்தில் செய்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். சீனி வருத்தம் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோர் நல்ல பிள்ளைகளைப் பெறுகிறார்கள். அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

ஏன் முன்பே தொடங்க வேண்டும்

கருத்தரித்து முதல் 28 நாட்களுக்குள் பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. எட்டு வாரத்துக்குள் இதயத்தின் அமைப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நமக்கு நாள் தள்ளிப்போனது தெரியும்போதே கருத்தரித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று பொறுத்திருந்து, மலையில் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் தேடி, மிஸ்ஸைப் பார்க்கும்போது அந்த முக்கியமான நாட்கள் போய்விடும். அந்த நாட்களில் இரத்தத்தில் சீனி கூடுதலாக இருந்தால் கரு கலைவதற்கும், இதயத்திலோ முதுகுத்தண்டிலோ குறைபாடு வருவதற்கும் ஆபத்து கூடுகிறது. பிறகு எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த முதல் வாரங்களைத் திரும்பப் பெற முடியாது.

அதனால் நாள் தள்ளிப்போகும் முன்பே, முடிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் முன்பே, வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் படி: வாய் திறந்து சொல்லுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதற்குப் பிறகுதான். நமது ஊரில் சீனி கிளினிக் ஒரு பக்கம், தாய்மார் கிளினிக் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிற ஆள் நீங்கள்தான். சீனி கிளினிக்கில் வைத்தியரின் முன்னால் உட்கார்ந்ததும், கொப்பியை நீட்டும் முன்பே, "டாக்டர், நாங்கள் பிள்ளை பெற்றுக்கொள்ள யோசிக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "அபி பபெக் ஹதன்ன பலனவா" என்று சிங்களத்தில் சொன்னால் போதும், புரிந்துகொள்வார். நான் அதை பஸ்ஸில் போகும்போதே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள்.

அதேபோல உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்ல வேண்டும். நாம் மிட்வைப் மிஸ் என்று கூப்பிடுகிறவர்தான். கல்யாணம் ஆனதும் அவரிடம் பதிந்துகொள்வது நல்லது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கான பரிசோதனைகளையும் ஆலோசனையையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் அவர்தான் ஒழுங்கு செய்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுப்பவர்கள் அங்கேயும் சொல்லுங்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது லேசு. டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை, கண்டி, பேராதனை என்று எது உங்களுக்குப் பக்கமோ, பொது வைத்திய நிபுணரும் மகப்பேற்று நிபுணரும் இருக்கிற ஆஸ்பத்திரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சீனி கட்டுக்குள் வரும்வரை என்ன செய்வது? அதுவரை கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை, ஊசி, லூப், ஆணுறை என்று எது உங்களுக்குப் பொருந்தும் என்று மிஸ்ஸிடமே கேளுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கும், சீனியால் கண், சிறுநீரகம், இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் சரிவராது. அதனால் மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

வீட்டுப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கல்யாணம் ஆகி ஒரு வருசமாச்சு, இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நாலு பேர் கேட்பார்கள். இரண்டாவது பிள்ளை எப்போது என்று என் மாமியும் கேட்டார். அவரை நான் ஒரு தரம் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அம்மா, இவருக்கு மூன்று மாதம் கொடுங்கள், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும்" என்று வைத்தியர் சொன்னதைக் கேட்ட பிறகு, என் தட்டில் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டி வைத்ததே அவர்தான். புருசனையும் கூட்டிப் போங்கள். சிகரெட், குடி, புகையிலை போட்ட வெற்றிலை எல்லாவற்றையும் விடுவதற்கு அவருக்கும் இது நல்ல நேரம்.

இரண்டாம் படி: மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள்

வெறுவயிற்றில் எடுக்கிற இரத்தம் அன்றைய காலைக் கணக்கை மட்டும் சொல்லும். கிளினிக் நாளுக்கு முந்தின இரவு சோற்றைக் குறைத்து, அடுத்த நாள் நல்ல கணக்கு வாங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையில் அது நடக்காது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சீனி சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டிவிடும். உங்கள் ஆஸ்பத்திரியில் அது செய்யாவிட்டால் எங்கே செய்யலாம் என்று கேட்டு, எப்படியாவது எடுத்துவிடுங்கள்.

கருத்தரிக்கும் முன் அது 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. அடிக்கடி சீனி இறங்கி மயக்கம் வருகிறவர்களுக்கு வைத்தியர் கொஞ்சம் தளர்த்திச் சொல்லலாம். 10 சதவீதத்துக்கு மேலே இருந்தால் இப்போது கரு தரிக்கவே வேண்டாம் என்று சொல்வார்கள். என்னுடையது 8.4இல் இருந்து 6.6க்கு இறங்க ஐந்து மாதம் பிடித்தது. 9இல் இருந்து 8க்கு வந்தாலும் அது பிள்ளைக்கு நல்லதுதான், ஒவ்வொரு புள்ளி இறக்கமும் ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் கண்ணில் ஏற்கெனவே சீனிப் பாதிப்பு இருந்தால் மிக வேகமாக இறக்குவது கண்ணுக்குக் கூடாது. அதனால் கண் பரிசோதனையை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் தோட்டங்களில் இரத்தச்சோகை உள்ள பெண்கள் நிறைய. இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் எச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் கோளாறு இருந்தாலும் கணக்குப் பிசகும். ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலசீமியாப் பரிசோதனை கணவன் மனைவி இருவருமே கல்யாணத்துக்கு முன்போ பிள்ளைக்கு முன்போ செய்துகொள்ள வேண்டிய ஒன்று. இரும்பு மாத்திரை தந்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மூன்றாம் படி: மருந்துப் பையைக் கொட்டிக் காட்டுங்கள்

வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

மெட்போர்மின் என்ற சீனி மாத்திரையைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், சிட்டாகிளிப்டின், எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் போன்ற மற்றச் சீனி மாத்திரைகளை எடுக்கிறவர்களைப் பொதுவாக இன்சுலினுக்கு மாற்றுவார்கள். பிரஷருக்கு எனலபிரிலோ லொசார்டனோ எடுத்தால் அவை பிள்ளையைப் பாதிக்கக் கூடியவை. அவற்றுக்குப் பதிலாக மெத்தில்டோபா, லெபட்டலோல், நிபெடிபின் என்று வேறு மருந்து இருக்கிறது. கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கிற அட்டோர்வஸ்டட்டின் வகையையும் நிறுத்தச் சொல்வார்கள். நான் விழுங்கிக்கொண்டிருந்த இரண்டும் லொசார்டனும் அட்டோர்வஸ்டட்டினும்தான்.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே நீங்களாக ஒன்றையும் நிறுத்திவிடாதீர்கள். தங்கச்சிமாருக்கு நான் கெஞ்சிச் சொல்வது இதுதான். பிரஷர் மருந்தைச் சட்டென்று விட்டால் பிரஷர் ஏறும், சீனி மருந்தை விட்டால் சீனி ஏறும். இரண்டுமே பிள்ளைக்குக் கூடாது. மாற்று மருந்து கையில் வந்த பிறகு பழையதை விடுங்கள்.

இன்சுலின் என்றதும் பயம் வரும். "ஊசி போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அது தப்பு. இன்சுலின் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அதை முதல் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

நாட்டு மருந்தும் மருந்துதான். கோத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் கடைந்த கோப்பையில் ஊறவைத்த தண்ணீர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீனியை அது இறக்கினாலும், கருவுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படவில்லை. பிள்ளைக்கு முயற்சி செய்கிற காலத்தில் விட்டுவிடுங்கள். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடலாம், சாறாகப் பிழிந்து மருந்துபோலக் குடிக்க வேண்டாம்.

நாலாம் படி: போலிக் அமிலம், மற்றப் பரிசோதனைகள்

போலிக் அமிலம் நரம்புக்குழாய்க் குறைபாட்டைக் குறைக்கிறது. மற்றப் பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும் என்றால், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தினம் 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். கருத்தரிக்க மூன்று மாதம் முன்பே தொடங்கி 12ஆம் வாரம்வரை எடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரையையே உங்களுக்கும் தந்தால், "எனக்குச் சீனி இருக்கிறது, 5 மில்லிகிராம் வேண்டுமா?" என்று கேளுங்கள்.

கண்ணின் உட்புறப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை, பிரஷர், தைரொயிட், பல், இவற்றையும் இந்த மாதங்களிலேயே பார்த்துவிடுங்கள். ருபெல்லா தடுப்பூசி போட்டதாக அட்டையில் இல்லை என்றால் மிஸ்ஸிடம் காட்டுங்கள். அது போட்ட பிறகு ஒரு மாதமாவது கரு தரிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: தட்டும் தேத்தண்ணிக் கோப்பையும்

முதலில் தேத்தண்ணி. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். காலையில் எழும்பினதும் ஒன்று, மலைக்குப் போகும் முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயந்திரம் ஒன்று, யாராவது வந்தால் இன்னொன்று. கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சீனி என்றால் பத்துக் கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம். நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன், ஒரு மாதத்தில் சீனி இல்லாத பிளேன் டீ பழகிவிட்டது. சீனிக்குப் பதில் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வது தீர்வு இல்லை, கித்துள் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும்.

அப்புறம் ரொட்டி. கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பசியை அடக்கும், வேலைக்குத் தெம்பு தரும், செலவும் குறைவு. அதை விடச் சொன்னால் நடக்காத பேச்சு. அளவைக் குறைத்து, கூட வைக்கிறதை மாற்றுங்கள். பெரிய தடித்த ரொட்டி இரண்டுக்குப் பதிலாக உள்ளங்கை அளவில் ஒன்று, அதோடு அவித்த முட்டை, பருப்பு அல்லது நெத்தலி. மாவில் பாதிக்குக் குரக்கன் மா கலந்து, கரட்டோ கீரையோ நறுக்கிப் போட்டுப் பிசைந்தால் சீனி மெதுவாக ஏறும். மத்தியானம் தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ கடலையோ. கோவா, போஞ்சி, லீக்ஸ் என்று விளைகிற ஊரில் இருந்துகொண்டு நாம் கிழங்குக் கறியைச் சோற்றோடு சாப்பிடுகிறோம். கிழங்கும் மாச்சத்துதான், அதைச் சோற்றின் கணக்கில் சேருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி இரண்டும் வீட்டுப் பக்கத்திலேயே வளரும்.

எடை கூடுதலாக இருந்தால் ஐந்து சதவீதம் குறைந்தாலே சீனியும் இறங்கும், மாதவிடாயும் ஒழுங்காக வர உதவும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படாது. கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ, வீட்டிலோ உட்கார்ந்திருக்கிறவர்கள் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடந்து பாருங்கள், கணக்கில் வித்தியாசம் தெரியும்.

ஆறாம் படி: சீனி இறங்குவதற்கும் ஆயத்தம்

கணக்கை இறுக்கிப் பிடிக்கும்போது சீனி தேவைக்கும் கீழே போகலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது முக்கியம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். சரிவான மலையில், முதுகில் கூடையோடு நிற்கும்போது இது வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். சீனிக் கணக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லாமல் அறிகுறி மட்டும் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உட்காருங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தரம். சரியானதும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். பக்கத்து நிரையில் வேலை செய்கிற அக்காவுக்கும் கங்காணிக்கும் சொல்லி வையுங்கள். மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்குப் போகவே கூடாது. கொழுந்து நிறுக்கத் தாமதமாகி மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகிற நாட்களுக்கென்று கையில் ஏதாவது வைத்திருங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நல்லது. ஸ்ட்ரிப்ஸ் விலை கூடத்தான். தினமும் இரண்டே இரண்டு ஸ்ட்ரிப் என்றால், ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று பாருங்கள். இன்று காலைச் சாப்பாடு, நாளை மத்தியானம், அடுத்த நாள் இரவு. ஒரு வாரத்தில் எந்தச் சாப்பாடு சீனியை ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு அது இரவு ரொட்டி. சாப்பிடும் முன் 70 முதல் 126 மில்லிகிராம்வரை இருந்தால் பொதுவாக நல்லது. உங்களுக்கான கணக்கை வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

திறக்காத இன்சுலின் குப்பி பிரிட்ஜில் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் டிஸ்பென்சரியிலோ தெரிந்த வீட்டிலோ வைக்கக் கேட்டுப் பாருங்கள். திறந்த குப்பி நுவரெலியாக் குளிரில் வெளியே சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் லயத்துக் காம்பராவில் அடுப்புப் பக்கமும், தகரக் கூரைக்கு ஒட்டின தட்டும் சூடாகும். கீழே, சுவர் ஓரமாக, வெயில் படாத மண்பானைக்குள் வையுங்கள்.

நாள் தள்ளிப்போனதும்

ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டாம். நாள் தள்ளின உடனே சிறுநீரில் பார்த்து, பிள்ளை என்று தெரிந்தால் அந்த வாரத்திலேயே மிஸ்ஸிடமும் சீனி கிளினிக்கிலும் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதம் கழித்து என்றாலும் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்தான், அந்த வருத்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் கிளினிக்குப் போகிற இந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று மாதத்தில் வாந்தியாலும் சாப்பிட முடியாததாலும் சீனி அடிக்கடி இறங்கலாம். சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுகிற, முதலாம் வகை (டைப் 1) சீனி வருத்தம் உள்ளவர்கள், வாந்தி என்பதற்காக இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடு மாதங்களில் இன்சுலின் தேவை கூடிக்கொண்டே போகும். அது உங்கள் தப்பில்லை, கர்ப்பத்தின் ஹோர்மோன்கள் செய்கிற வேலை. வெறுவயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே என்று கணக்கும் இறுகும். பிரஷரைத் தடுக்க 12ஆம் வாரத்துக்குப் பிறகு சிறிய அளவு அஸ்பிரின் தரலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் இதயத்தை நன்றாகப் பார்க்கிற ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் வரும், அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

பிரசவம் நிபுணர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் எந்த வழியாக இறங்குவது, இரவில் எந்த வாகனம் வரும், வீட்டில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்று ஏழாம் மாதத்திலேயே பேசி முடியுங்கள். பிள்ளை பிறந்த உடனே இன்சுலின் தேவை சட்டென்று குறையும். பழைய அளவையே போட்டால் சீனி இறங்கிவிடும், வார்டில் புதிய அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பிள்ளைக்கும் முதல் சில மணி நேரத்தில் சீனி குறையலாம் என்பதால் அரை மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுத்துக்கொண்டே இருங்கள். உங்களுக்குப் பால் கொடுக்கும்போது சீனி இறங்கலாம், அதனால் பால் கொடுக்க உட்காரும் முன் பக்கத்தில் ஒரு பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.